நுனி இல்லாத கோரை

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான்
பொதியைப் பிரித்தேன்.
கனமில்லாதவை; ஒரு சுழற்சிக்கே
உட்துறைமுகம் வரை பறந்துவிடும்.

ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து
இரவுப் பேருந்தில் வந்தது:
பழைய சிங்களப் பத்திரிகை,
அதற்குள் நசுங்கிய ஒரு பிடி பச்சை.
விளம்பரத்துச் சவர்க்காரப் பெண்ணின் நெற்றியில்
வேர்மண் அப்பியிருந்தது.
துண்டுச் சீட்டில் வனக்காவலர் லலந்த எழுதியிருந்தார்:
உயரம் இரண்டாயிரத்து நூற்று இருபது மீட்டர்.
ஈர நிலம். தண.

தண என்றால் புல்.
எழுத்துக்கூட்டி வாசித்தேன்.
புல் இல்லை, லலந்த.

தண்டை இரு விரலுக்கிடையில் உருட்டினால்
புல் வழுக்கிக்கொண்டு போகும்.
இது தடக்குகிறது, ஒன்று, இரண்டு, மூன்று,
திரும்பவும் ஒன்று.
கணுவைத் தேடினேன், காணவில்லை.
இலைகள் மூன்று திசைக்கு மூன்று வரிசையாய்
ஒன்றையொன்று முந்தாமல் ஏறியிருக்கின்றன.
கோரை.
இந்தளவு என் விரலுக்கே தெரியும்.

இனிமேல்தான் உருப்பெருக்கி.
திறவுகோல் ஏடு கேட்கிறது:
கனியைச் சுற்றிப் பை உண்டா?
உண்டு. குறுநொய்யளவு,
கழுத்து நீண்டு, வாய் இரண்டாய்ப் பிளந்து.
அப்படியானால் முப்பத்தொன்றுக்குப் போ.
சூல்முடி இரண்டா, மூன்றா?
மூன்று. ஒன்று ஒடிந்துவிட்டது, அடிக்கட்டை தெரிகிறது.
அடியுறை என்ன நிறம்?
இங்கேதான் நானும் நஸ்ரீனாவும்
அரைமணி நேரம் மல்லுக்கட்டினோம்.
மண்ணிறம் என்றேன்.
"எந்த ஊர் மண்?" என்றாள்.
கடைசியில், பிளேன்டீக் கோப்பையின் அடியில்
ஒரு நாள் காய்ந்த நிறம் என்று
இருவரும் ஒப்புக்கொண்டோம்.
ஏட்டில் அப்படி ஒரு நிறம் கிடையாது.

பதினொரு மணி. சித்திரை வெக்கை.
கடல் தன் காற்றைத் தன்னிடமே வைத்திருக்கிறது.
கடல்மட்டத்திலிருந்து இந்த மேசை நான்கு மீட்டர்,
கால்களையும் சேர்த்து.
உறைபனிக்கு அசையாமல் நின்ற இலை
என் உள்ளங்கைச் சூட்டில் சுருள்கிறது.
மூக்கு நுனியில் திரண்ட வியர்வையை
தாளில் விழமுன் புறங்கையால் பிடித்தேன்.

ஐம்பத்தாறு:
மேல்கதிர் ஆணா, பெண்ணா,
அல்லது ஒன்றிலேயே இரண்டுமா?

மேல்கதிர் இல்லை.

மூன்று தண்டையும் திருப்பிப் பார்த்தேன்.
மூன்றும் ஒரே உயரத்தில், சரிவாக, நார் பிய்ந்து.
கத்தி இப்படி வெட்டாது.

லலந்தவுக்கு எடுத்தேன்.
அங்கே மழை; குரல் விட்டுவிட்டு வந்தது.
என் சிங்களம் அரை, அவர் தமிழ் அதிலும் கால்.
"நுனி எங்கே?"
"நுனி?"
கதிருக்குச் சிங்களத்தில் என்னவென்று
இரண்டு பேருமே யோசித்தோம்.
பிறகு ஒரு சிரிப்பு.
"கோனா! கோனா கேவா, மிஸ்."

மரை.
விடியப்புறம் நெஞ்சளவு மூடுபனிக்குள்
தலை தாழ்த்தி வந்த மரையொன்று
ஐம்பத்தாறாம் கேள்வியைத் தின்றுவிட்டது.
பதில் இந்நேரம் இரைப்பையிலிருந்து
வாய்க்குத் திரும்பி
இரண்டாம் முறை அரைபட்டுக்கொண்டிருக்கும்.

"இரண்டு பெயர்தானே மிச்சம்," என்றாள் நஸ்ரீனா,
"ஒன்றைப் போடுங்கோவன். ஆர் பார்க்கப் போகினம்?"
பேனை மூடியைத் திறந்தேன்.
முதல் பெயர் நன்றாகத்தான் இருந்தது, வாயில் சொல்ல.
மூடியை மூடினேன்.
கொஞ்சம் பொறுத்துத் திறந்து எழுதினேன்:
கேரெக்ஸ். அதற்கு மேல் தெரியாது.
மேல்கதிரை மரை உண்டது.
நுனியோடு இன்னொன்று அனுப்பவும்.
கீழே அதையே சிங்களத்தில்,
ஒவ்வோர் எழுத்தாய், நிச்சயம் பிழையாய்.

மத்தியானம் சோற்றுப் பார்சல் வாங்கப் போனபோது
கோட்டை வாசலில் ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த அதிர்ஷ்டலாபச் சீட்டை
மென்றுகொண்டிருந்தது.
கடைசி இலக்கம் மட்டும் உதட்டுக்கு வெளியே.
குனிந்து பார்த்தேன்.
ஏழோ, ஒன்றோ.